படம் போட்டால் சோறு கிடைக்குமா?

போன வாரம் மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கும்போது பழைய நண்பர் ஒருவர் பிடித்துக் கொண்டார். மகள் அப்ளைடு ஆர்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "நீங்க பேங்க்ல இருக்கீங்க, சொல்லுங்க சார், படம் போட்டா சோறு கிடைக்குமா?"

கிடைக்கும் என்றேன். ஆர்.கே.லக்ஷ்மணை ஜே.ஜே. கலைப்பள்ளி சேர்த்துக் கொள்ளவில்லை. அவர்தான் 1954-ல் ஏஷியன் பெயிண்ட்ஸுக்காக, கையில் டப்பாவும் பிரஷ்ஷுமாக 'கட்டூ' பொடியனை வரைந்தார். 2002 வரை அந்தப் பொடியன் கம்பெனிக்கு உழைத்தான்! சென்னையில் கோபுலு, விகடனில் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குப் படம் போட்டவர், பிறகு சொந்தமாக விளம்பர ஏஜென்சியே நடத்தினார்.

என் கவலை வேறு. லோன் கேட்டு என் மேஜைக்கு வரும் ஓவியர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, காகிதம்தான் இருப்பதில்லை. பில் கிடையாது, வருமான வரி ரிட்டர்ன் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. செம்பூர் பையன் ஒருவனை நானே 'முடியாதுப்பா' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாப் விளம்பரத்தில் அவன் போட்ட படம். (ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.)

இன்னொன்று. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். வரைந்தவர் இல்லை! இது எத்தனை ஓவியருக்குத் தெரியும்?

"தாராளமா படிக்கட்டும். கூடவே பில் போடவும், கையெழுத்துக்கு முன்னாடி ஒப்பந்தத்தைப் படிக்கவும் கத்துக்கட்டும்" என்றேன்.

நண்பர் முருங்கைக்காயை உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"அப்ப பி.காம்.லயே சேர்த்துடட்டுமா சார்?"