பிள்ளை பிறக்கும் முன்னே!

பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைப்பதுதான் ஊர் வழக்கம். ஸ்மார்ட்போன் சமாசாரம் அப்படியல்ல. போன் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதற்குப் பெயர் வைத்து, நிறம் சொல்லி, முதுகில் எத்தனை காமிராக் கண் என்று எண்ணி, விலையும் பேசி முடித்து விடுகிறார்கள். இத்தனையும் செய்கிறவர்கள் கம்பெனிக்காரர்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை, வதந்திக்காரர்கள்!

அவர்கள் ஜோசியம் பல சமயம் பலித்து விடுகிறது. அதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. ஒரு போனுக்கு வேண்டிய பாகங்களைப் பல தொழிற்சாலைகள் செய்து கொடுக்கின்றன. மேலுறை தைக்கிறவர்களுக்கு அளவு முன்கூட்டியே தெரிய வேண்டும். விற்பதற்கு முன் சர்க்கார் பரிசோதனைக்குக் கொடுத்துப் பதிவு செய்தாக வேண்டும். இத்தனை ஓட்டை உள்ள பானையில் தண்ணீர் நிற்குமா? 2010-ல் கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில், ஆப்பிள் ஊழியர் ஒருவர் வெளிவராத ஐபோன் 4-ஐ விட்டுவிட்டுப் போய் விட்டார். ஏப்ரலில் அதன் படம் உலகம் பூராவும் பரவிவிட்டது. போன் விற்பனைக்கு வந்ததோ ஜூனில்!

ஆனால் பெயர் விஷயத்தில் வதந்தி வழுக்கி விழுந்ததும் உண்டு. 2011-ல், ‘இதோ ஐபோன் 5!’ என்று எங்கும் ஒரே பேச்சு. அக்டோபர் 4-ந் தேதி மேடைக்கு வந்ததோ 4எஸ். அடுத்த வருஷந்தான் 5 வந்தது. வரிசையாக எண்ணிப் பார்த்தால் அது ஆறாவது போன்! 2008-ல் இரண்டாவது போனுக்கு 3ஜி என்று பெயர் வைத்தார்கள் அல்லவா? வலைப்பின்னலின் மூன்றாம் தலைமுறையைச் சொல்லும் எண் அது. 2017-ல் ஐபோன் 8-ம், ரோமன் எண்ணில் பத்தைக் குறிக்கும் ‘எக்ஸ்’-ம் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டன. நடுவில் இருந்த 9 என்ன ஆயிற்று? அது பிறக்கவேயில்லை.

சாம்சங்கும் இதற்குச் சளைத்ததல்ல. 2016-ல் அதன் எஸ் வரிசை 7-க்கு வந்து விட்டது. நோட் வரிசை 5-லேயே நின்றது. அண்ணனுக்குத் தம்பி இளைத்தவனாகத் தெரியலாமா? 6-ஐத் தாண்டி ஒரே குதியில் நோட் 7 வந்தது. எண் ஏறி என்ன? பாட்டரி தீப்பிடித்து, இரண்டே மாதத்துக்குள் அந்தப் போனையே கைவிட வேண்டியதாயிற்று. 2019-ல் எஸ்10 வந்தது. மறு வருஷமே எஸ்20! சீனாவின் ஒன்பிளஸ், 3-க்கு அப்புறம் 5-க்குப் போய்விட்டது. சீன மொழியில் நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும். 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்த அதே மாதம், ஷாவ்மி 15-லிருந்து 17-க்குத் தாவியது.

ஆகவே இது கணக்கு வாத்தியாரின் எண் அல்ல. எதிர்க்கடைப் பலகையை விட நம் பலகை ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும் என்கிற வியாபார எண்.

வதந்தி வேடிக்கைதான், பணம் நம்முடையதாயிற்றே! நன்றாக வேலை செய்யும் போன்கூட, அடுத்த எண்ணின் பெயர் காதில் விழுந்தவுடன் கிழடாகத் தோன்றுகிறது. இன்னொருவர் உடைந்த திரையோடு, ‘புதுசு வரட்டும்’ என்று காத்திருக்கிறார். புதுசு வருவதற்குள் அதற்கும் புதுசைப் பற்றிப் பேச்சுக் கிளம்பி விடுகிறது!

கடையில் கேட்க வேண்டிய எண் வேறு. ‘இந்தப் போனுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும்?’ என்று கேளுங்கள். அது நின்று விட்டால், பூட்டுப் பழுதான வீட்டில் பணப் பெட்டியை வைத்த கதைதான். 2023-ல் பிக்ஸல் 8-க்குக் கூகுளும், 2024-ல் எஸ்24-க்குச் சாம்சங்கும் 7 வருஷம் என்று வாக்குக் கொடுத்தன. ஆனால் ஜாக்கிரதை! அந்த 7 வருஷம் போன் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஒரு வருஷம் கழித்து விலை இறங்கியதும் வாங்கினால், கையில் நிற்பது 6.

விலையையும் மீதி வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கில் மட்டும் எந்த எண்ணும் விட்டுப் போகாது!