மூளையில் ஆண், பெண் உண்டா?

பெண்களுக்கு விஞ்ஞான மூளை பிறவியிலேயே மட்டு என்கின்ற பேச்சு, படியாத பாமரர்களின் பேச்சு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2005-ஆம் வருஷம் ஜனவரியில், அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராயிருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் என்பவரே, விஞ்ஞானத்தின் மேல் ஸ்தானங்களில் பெண்கள் குறைந்திருப்பதற்குப் பிறவித் திறமையிலுள்ள வித்தியாசமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று ஒரு மகாநாட்டில் பேசினார். புரோகிதன் தலையெழுத்து என்கிறான். பெரிய படிப்பாளி பிறவித் திறமை என்கிறார். வார்த்தை வேறு, சரக்கு ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் தலைவர் யார்? ஷெர்லி டில்மன் என்னும் ஒரு பெண்மணி! அவர் வேறு இரண்டு சர்வகலாசாலைத் தலைவர்களுடன் சேர்ந்து அடுத்த மாதமே பத்திரிகையில் பதில் எழுதினார். ஆனால் எழுதிய பதிலைவிட அவரது வாழ்க்கையே தக்க பதில் என்பது நமது அபிப்பிராயம்.

1946-ல் கனடாவில் பிறந்த இவர் ரசாயனம் படித்து, மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டில் உபாத்தியாயினியாயிருந்து, பின் அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றார். பாலூட்டிப் பிராணியின் ஜீன் ஒன்றை முதன்முதலாகத் தனியே பிரித்துப் பெருக்கிக் காட்டியவர்களில் இவரும் ஒருவர். கணவரைப் பிரிந்தபின் இரண்டு குழந்தைகளையும் வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சியையும் நடத்தினார். எலியின் எச்19 என்னும் ஜீனில், தாய் வழியாக வந்த பிரதியே வேலை செய்கிறது, தகப்பன் வழியாக வந்தது சும்மா கிடக்கிறது என்று 1991-ல் இவரது ஆராய்ச்சிசாலை கண்டு சொல்லிற்று. தாய் வெறும் நிலம், தகப்பனே வித்து என்று எத்தனையோ நூற்றாண்டாக அளந்துவந்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

இவர் 2001 முதல் 2013 வரை பிரின்ஸ்டனின் 19-வது தலைவராயிருந்தார். அந்தச் சர்வகலாசாலை ஏற்பட்டது 1746-ல். இவருக்கு முன் இருந்த 18 பேரும் ஆண்களே. முதற்பட்ட வகுப்புகளில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1969-ல்தான். 223 வருஷம் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே பெண்களைக் காணோம், ஆதலால் அவர்களுக்கு மூளையில்லை என்றால், இதைவிடப் பித்தலாட்டம் வேறு உண்டா?

ஆனால் தோழர்களே! ஒரு பெண் மேலே வந்துவிட்டதாலேயே காரியம் முடிந்துவிட்டதென்று மகிழவும் கூடாது. ஒருத்தியைக் காட்டி ஆயிரம் பேர் வாயை அடைப்பது பழைய தந்திரம். அங்கு உதவிப் பேராசிரியர்களுக்குச் சில வருஷக் கெடு உண்டு. அதற்குள் திறமையைக் காட்டினால்தான் உத்தியோகம் நிரந்தரமாகும். அந்தக் கெடுவோ பிள்ளை பெறும் வயதில் வந்து விழுகின்றது. இந்த முறையையே ஒழிக்க வேண்டுமென்று டில்மன் 1993-லேயே எழுதினார். அவர் தலைவராயிருக்கும்போது 2005-ல், குழந்தை பிறந்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் கேளாமலேயே கெடுவில் ஒரு வருஷம் கூட்டித் தருவதென்று பிரின்ஸ்டனில் விதி ஏற்பட்டது. ஏன் கேளாமலே? கேட்டால் இளப்பமாய் நினைப்பார்களோ என்று அஞ்சிப் பலர் கேட்காமலே இருந்துவிட்டதால்தான்.

மாறியது பெண்ணின் மூளையா? இல்லை, விதி மாறிற்று. அந்த விதி தலையெழுத்தல்ல. மனிதன் எழுதியது, மனிதனே திருத்தியது.

ஆகவே, இனி எவராவது பெண்களின் பிறவிக் குணம் என்று ஆரம்பித்தால், "ஐயா, கதவின் சாவி இதுவரை யார் மடியில் இருந்தது?" என்று மாத்திரம் கேளுங்கள்.