பிளக்காத குத்தியில் முடங்கும் முதல்

ஹட்டன், நுவரெலியா பக்கம் பேக்கரியும் ஹோட்டலும் நடத்தும் நமது சகோதரர்களுக்கு விறகுச் செலவு புதிய விடயமல்ல. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியபோது விறகின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

அப்போது நானும் ஒரு லொறி யூக்கலிப்டஸ் குத்தி வாங்கினேன். தோட்டத்தில் டர்பன்டைன் என்பார்களே, அதுதான். ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம். பிளந்த விறகைவிட விலை குறைவு. இலாபம் என்று நினைத்தேன். மே மாதம் மழை பிடித்தது. நான்கு மாதம் குத்திகள் முற்றத்திலேயே கிடந்தன. பிறகு பிளக்கப்போனால் மேலே இறுகிப்போய், உள்ளே ஈரம். போறணைக்குள் போட்டால் புகைதான் மிச்சம்.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பங்கு போய்விடும். முழுக் குத்தியைப் பட்டை மூடியிருப்பதால் ஈரம் இலேசில் வெளியேறாது. பிளந்து, கூரைக்கடியில் காற்றுப்பட அடுக்கினால்தான் காயும். அதிலும் யூக்கலிப்டஸ் பச்சையில் பிளக்கும். காய்ந்தால் முரண்டு பிடிக்கும். ஆகவே லொறி வந்த வாரமே பிளந்துவிட வேண்டும்.

எனக்குப் பிளந்து தந்தவர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். "நடுவுல போடாதீங்க முதலாளி, ஓரத்துல இருந்து சீவிக்கிட்டு வாங்க" என்றார். கோடாலிக்கு அசையாத குத்தியில் செயின்சோவால் மூன்று, நான்கு அங்குலம் கீறி, அதில் இரும்பு ஆப்பை வைத்து சம்மட்டியால் அடித்தார். முழுவதையும் செயின்சோவால் அறுத்தால் பெற்றோலும் செயினும் தேய்வதுதான் கண்ட பலன்.

நமது ஆட்கள் தவறுவது கூலியில்தான். பிளக்கும் கூலியை மிச்சம் பிடித்து, விறகில் இரட்டிப்பாக இழக்கிறோம். தலை விரிந்த பழைய ஆப்பை அடித்தால் இரும்புச் சில்லு தெறிக்கும். ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்காமல் தொழிலாளியின் கண்ணைப் பணயம் வைப்பது வியாபாரமல்ல. 2019 இல் செயின்சோக்களைப் பொலிஸில் பதியும்படி அரசாங்கம் கேட்டிருந்தது. கூலிக்கு எடுக்குமுன் பதிவையும் பாருங்கள்.

குத்தியின் விலையோடு பிளக்கும் கூலியையும் காயும் மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவு எது என்பது அப்போது தெரியும்.