மூவாயிரம் சொல் மூட்டை

"செஞ்சிப் பிள்ளைகளுக்கு ஜிஆர்இ எட்டாததற்குக் காரணம் சொல்வளம் இல்லாததுதான்; மூவாயிரம் ஆங்கிலச் சொற்களை உருப்போட்டால் போதும்." மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வான ஜிஆர்இ பற்றி அடிக்கடி கேட்கும் வாதம் இதுதான்.

ஒன்று: எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் கேட்ட தேர்வு 2011 ஆகஸ்டோடு போயிற்று. இன்னும் யாருக்காக அந்தப் பட்டியல்?

இரண்டு: 2023 செப்டம்பரிலிருந்து மொழிப் பகுதிக்கு 27 கேள்வி, 41 நிமிடம். ஏறக்குறையப் பாதி, பத்தியைப் படித்து விடை சொல்வது. மீதி கோடிட்ட இடம் நிரப்புவது. வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று பார்க்காதவருக்கு அங்கே தெரிந்த சொல்லும் கைகொடுக்காது.

மூன்று: நம்மூர் செஞ்சிக் கோட்டையின் முற்றுகையையே எடுங்கள். 1690இல் தொடங்கியது, 1698இல்தான் கோட்டையின் ராஜகிரிக் குன்று முகலாயத் தளபதி சுல்பிகார் கானிடம் விழுந்தது. அவர் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சிலருக்கு ஐயம். இதை ஆங்கிலப் பத்தியாகக் கொடுத்தால், 'முற்றுகை என்றால் என்ன' என்றா கேட்பார்கள்? எழுதியவர் அந்த ஐயத்தை ஏற்கிறாரா, வெறுமனே எடுத்துச் சொல்கிறாரா என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பட்டியலில் எத்தனையாவது சொல் பதில்?

சொல்லே வேண்டாம் என்று யார் சொன்னது? ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்து, பத்திக்கு ஒரு வரி சாரம் எழுதுங்கள். அகராதியைப் புரட்டுவது அதற்குப் பிறகு.