கெசட் வந்திட்டா?

எங்கள் வீட்டில் இப்போது வேலையில்லாதவர்கள் மூன்று பேர். ராத்தா, நான், கெசட். இந்த மூவரில் அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாதது கெசட் மட்டும்தான். கெசட் எங்கள் வீட்டுப் பூனை.

அந்தப் பெயர் வந்தது வாப்பாவால். அரசாங்க வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். இந்தப் பூனையும் ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வரும். அன்றுதான் எங்கள் வீட்டில் இறைச்சி. ஜும்ஆ முடிந்து வந்ததும் வாப்பா, "என்ன புள்ள, கெசட் வந்திட்டா?" என்று கேட்பார். அவர் கேட்பது ராத்தாவுக்குப் பொருத்தமான நியமனம் ஏதும் அதில் வந்திருக்கிறதா என்று. பூனை முந்திக்கொண்டு "மியாவ்" என்று பதில் சொல்லும். பெயர் ஒட்டிக்கொண்டது.

சீனன்குடாவில் வேலை என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள். மாவாலை தெரியும். சீமெந்துத் தொழிற்சாலை தெரியும். வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கிடையில் நிற்கும். விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலால் போகும். இவ்வளவுக்கும் நடுவில், பட்டம் முடித்த என் ராத்தா மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார்.

அவருடைய சுயவிபரக்கோவையைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. அதன் மேல் படுத்துத் தூங்குவது கெசட்டின் பொறுப்பு. ஒருமுறை நேர்முகப் பரீட்சையில் ஒருவர் கோவையைப் புரட்டி, சமாதான நீதவானின் முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த சேற்றுத் தடத்தைக் காட்டி, "இது யார்ர கையொப்பம்?" என்று கேட்டாராம். "எங்கட பூனைட, சேர்" என்றாராம் ராத்தா. எல்லோரும் சிரித்தார்களாம். வேலை கிடைக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருந்த மாதங்களில் நானும் வேலை தேடினேன். பெயர், விலாசம், பிறந்த திகதி எழுதியதும் என் சுயவிபரக்கோவை அரைப்பக்கத்தில் முடிந்துவிட்டது. "அனுபவம்" என்ற இடத்தில் எழுத என்னிடம் இருந்தது ஒன்றுதான்: கெசட்டைக் குளிப்பாட்டியது. அதற்கான அத்தாட்சி என் முழங்கையில் இருந்தது. ஒரு கடையில் கேட்டபோது அனுபவம் வேண்டும் என்றார்கள். அனுபவம் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன். வேலை செய்தால் கிடைக்கும் என்றார்கள்.

வேலை கிடைக்காதவளுக்கு நேரம் கிடைத்தது. நூலகத்தில் சுயசரிதைகள் இருந்த தட்டில் கை வைத்தேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சுயவிபரக்கோவை, சுயசரிதை இரண்டுமே "சுய" என்றுதான் தொடங்குகின்றன. ஆனால் முன்னது மறைப்பதைத்தான் பின்னது சொல்கிறது.

அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' நூலை எடுங்கள். விமானப் பொறியியல் படித்த அவருக்கு விமானப்படையில் சேர்ந்து பறக்க வேண்டுமென்று ஆசை. தெரிவுக்குப் போன 25 பேரில் அவர் ஒன்பதாம் இடம். எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். இந்த ஒன்பதாம் இடத்தை யாராவது சுயவிபரக்கோவையில் போடுவார்களா? கலாம் தன் புத்தகத்தில் போட்டார். அவர் முதன்முதலில் சம்பாதித்ததும் விண்ணப்பம் எழுதி அல்ல. உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காதபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுக்க அவருடைய உறவினர் ஒருவருக்கு ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு மேலால் விமானம் போகும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஒன்பதாவது ஆள்தான் ஞாபகம் வருகிறார்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இன்னும் சுவை. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்துவிட்டது. அதே வருடம் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். தான் படித்த நூல்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நல்ல நீளமான சுயவிபரக்கோவை! முதலியாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். படித்ததில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கிய உழைப்புத்தான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வந்தது. இதைப் படித்த இரவு ராத்தாவை எழுப்பிச் சொன்னேன். "எனக்கு முதல்ல அந்தக் கும்பகோணத்து வேல கெடைக்கட்டும், புறகு வெக்கப்படுறன்" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

பூனைக்கும் சுயசரிதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். ஆன் பிராங்க் 1942இல் ஒளிந்து வாழப் போனபோது தன் பூனையை விட்டுவிட்டுப் போக நேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். அதை உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 2006 ஓகஸ்ட் மாதத்தைச் சொன்னார். மூதூரிலிருந்து எல்லோரும் கந்தளாய்ப் பக்கம் ஓடிய நாட்கள் அவை. உம்மம்மாவின் கறுப்பி வீட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது மெலிந்துபோய் மதிலில் இருந்ததாம். ஒரு கிழமையாக மடிக்கு வரவில்லையாம். "அது எங்கயும் போகல்ல மகள். நாங்கதான் உட்டுட்டுப் போனம்" என்றார்.

உம்மம்மாவுக்குச் சுயவிபரக்கோவை எழுதினால் "அனுபவம்" என்ற இடம் வெறுமையாக இருக்கும். சுயசரிதை எழுதினால் ஒரு கொப்பி போதாது.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ராத்தா இப்போது கலியாண வீடுகளுக்கு வருவதில்லை. சோறு வைப்பதற்கு முன்பே, "இன்னும் வேல கெடைக்கல்லியா?" என்று கேட்கிறார்கள். "சும்மா ஊட்டதான் ஈக்கா" என்று உம்மாவும் பதில் சொல்லிவிடுகிறார். அந்தச் சும்மா இருக்கிற ராத்தாதான் பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் பாய் விரித்து, பதினொரு பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். காசு தர முடியாதவர்களும் அதில் இருக்கிறார்கள். வேலை தேட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் செலவு எனக்கும் தெரியும். ஆனால் சுயவிபரக்கோவை நிறுவனத்துக்குக் கொடுக்கிற கடதாசி. வீட்டில் பிள்ளையை அளக்க அதை எடுக்காதீர்கள். நபித்தோழர் அபூஹுரைரா (ரழி) அவர்களின் இயற்பெயர் நம்மில் எத்தனை பேருக்கு உடனே வரும்? பூனைக்குட்டியின் தந்தை என்ற பெயரோடுதான் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை அவர் வழியாக அறிகிறோம்.

தோழிகளே, உங்கள் வீட்டு உம்மம்மாவிடம் ஒரு கொப்பியோடு போய் இருங்கள். நான் தொடங்கிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் கெசட்டின் கால் தடம் இருக்கிறது. அதை அழிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் வாப்பா வாசலில் நின்று கேட்டார்: "கெசட் வந்திட்டா?"

"எந்தக் கெசட் வாப்பா?" என்றேன்.

உள்ளேயிருந்து ராத்தா சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டுக் கன நாள்.