முதலில் செய்தி, பின்னர்ப் பொருள்

வணிகவியலார்க்கு உரியதெனத் தமிழ்த்துறையினர் ஒதுக்கிவிடும் செய்தி ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பொருளைச் செய்து முடித்து, விலை குறித்து, கடைக்கு அனுப்பும் வேளையில் அதுபற்றி நாளிதழ்களுக்குச் செய்திக் குறிப்பு எழுதுவதே உலக வழக்கு. 1994-இல் அமெரிக்காவில் ஜெஃப் பெசோஸ் தொடங்கிய அமேசான் நிறுவனம் இவ்வழக்கைத் தலைகீழாக்கிற்று. அங்கே புதுப்பொருளைக் கருதுவோர், அது வெளிவந்துவிட்டதாகவே பாவித்து முதற்கண் ஒரு பக்கச் செய்திக் குறிப்பு எழுதவேண்டும். வாங்குவோர் கேட்கக்கூடிய வினாக்களும் விடைகளும் அதனைத் தொடரும். பின்னர் நிறுவனத்தினுள்ளேயே கணக்கரும் பொறியாளரும் சட்டம் அறிந்தோரும் தொடுக்கும் வினாக்கள். இவற்றுக்கெல்லாம் எழுத்து நிறைவு தந்தால்தான் பணி தொடங்கும்.

2004-இல் அந்நிறுவனத்தின் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட் படக்காட்சி விலக்கப்பட்டது. கூடியோர் முதலில் வாய்திறவாது எழுத்தைப் படிப்பர். பேச்சு அதன் பின்னரே. நாவன்மையால் கருத்தின் ஓட்டையை மூடிவிடும் வழி இதனால் அடைபட்டது. மேடைப்பேச்சில் ஊறிய நம் தமிழுலகம் இதனைச் சற்றே கருதிப் பார்க்கலாம்!

இம்முறையில் உருவான தொடக்ககாலப் பொருள்களுள் ஒன்று, 2007 நவம்பரில் 399 டாலர் விலையில் வந்த கிண்டில் எனும் மின்நூற் கருவி. கணினியின் துணையின்றி, ஒரு நிமிடத்திற்குள் நூல் கைக்கு வந்துசேரும்; கம்பியில்லா இணைப்புக்குத் தனிக்கட்டணம் இல்லை என்பன அதன் சிறப்புகள். இவை கருவியின் உறுப்புகளை வருணிப்பன அல்ல. படிப்பவர் பெறும் பயனைச் சொல்வன. நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு வகுத்த எட்டனுள் கேட்போரும் பயனும் இடம்பெறுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. நூல் முடிந்தபின் பாயிரம் எழுதப்படுவதே நம் மரபு. இங்கோ பாயிரம் முந்திவிட்டது.

எனினும் இம்முறையை மந்திரக்கோல் என்று நாம் கொள்வதற்கில்லை. 2014-இல் இதே நிறுவனம் ஃபயர் ஃபோன் என்னும் கைப்பேசியை வெளியிட்டது. முகப்பின் நான்கு மூலைகளிலும் சிறு படக்கருவிகளைப் பொருத்தித் திரையில் முப்பரிமாணத் தோற்றம் காட்டினர். வாங்குவார் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் ஏறத்தாழ 17 கோடி டாலர் இழப்பு கணக்கில் எழுதப்பட்டது. அத்தோற்றம் வேண்டுமென்று எவர் கேட்டார்?

இவ்விடத்தில் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கின்றது. வினாவை அறுவகைப்படுத்திய நன்னூலார், விடை தெரிந்தே கேட்பதை அறிவினா என்றும், தெரியாமல் கேட்பதை அறியாவினா என்றும் பிரித்தார். கடையில் நின்று பொருள் உண்டோ எனக் கேட்பதற்குக் கொளல்வினா என்றே பெயர். வாங்குவோர் வினாக்களை நிறுவனத்தாரே எழுதும்போது, கொளல்வினாவின் வேடத்தில் அறிவினாக்கள் நுழைந்துவிடுகின்றன. தமக்கு விடை தெரிந்தவற்றையே கேட்டுக்கொள்கின்றனர். முறையின் உயிர்நிலை செய்திக் குறிப்பில் இல்லை; வினாவில் உள்ளது என்பதே நம் கருத்து.

வணிகம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. பற்றுவரவுக் குறிப்பேட்டோடு வளர்ந்த பெரியோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கல்விக்கூடங்களுக்கோ விளங்குவது அரிதாயிருக்கின்றது. புதிய பட்டயப் படிப்பு ஒன்றைத் தொடங்குகையில் பாடத்திட்டம் வரைகின்றோம், ஆசிரியரை அமர்த்துகின்றோம், கணினிகள் வாங்குகின்றோம். பின்னர், சேர வாருங்கள் என்று துண்டறிக்கை அச்சிடுகின்றோம். இரண்டாண்டில் வகுப்பறை காலியாகிவிட்டால் மாணவரைக் குறைகூறுகின்றோம். அத்துண்டறிக்கையை முதலிலேயே எழுதிப் பார்த்தால் என்ன? வீணாவது ஒரு தாள் மட்டுமே.

அதன்கீழ் எழுதவேண்டிய வினாக்கள் ஆசிரியர் அறையில் கிடைப்பன அல்ல. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு மகளை அனுப்பும் தாயிடம் அவை உள்ளன: கட்டணத்தைத் தவணையில் கட்டலாமா? மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள்? படித்து முடித்தால் இவ்வூரில் எவர் வேலை தருவார்? இவற்றைக் கேட்டு, அவர்தம் சொற்களிலேயே எழுதிவரும் பணியை எம் துறை மாணவரிடம் ஒப்படைக்கலாம். மூன்றாம் வினாவுக்கு விடை எழுத இயலாத படிப்பை ஆட்சிக்குழுவின் முன் வைக்கவே வேண்டியதில்லை.