கம்பனி போனது, கைத்தொழில் போகவில்லை

குடும்ப வியாபாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டு விடயங்களைத்தான் சொல்வார்கள். வாப்பா கட்டியதைப் பிள்ளைகள் கரைத்துவிடுவார்கள் என்பது ஒன்று. பெரிய முதல் இல்லாமல் பெரிய தொழில் முடியாது என்பது மற்றது. இந்த இரண்டு பேச்சுக்கும் இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்துக் குடும்பம் ஒன்று நல்ல பதில் வைத்திருக்கிறது. அவர்கள் செய்வது புடவை வியாபாரமோ இரும்புச் சாமான் வியாபாரமோ அல்ல. சிறிய ரக விமானங்களைச் செய்து விற்கிறார்கள்.

லுயிஜி பஸ்கலே, ஜியோவன்னி பஸ்கலே என்ற இரண்டு சகோதரர்கள், யுத்தத்தில் இத்தாலி நொந்து போயிருந்த காலத்தில் தமது முதல் விமானத்துக்கு வேலை தொடங்கினார்கள். 1948ஆம் ஆண்டை நினைவூட்டும்படி அதற்கு பி48 என்று பெயர். 1957இல் பார்ட்டனாவியா என்ற கம்பனியை ஆரம்பித்தார்கள். பார்த்தெனோப்பே என்பது நேபிள்ஸின் பழைய பெயர். ஊர்ப் பெயரையே பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டார்கள். லுயிஜி நேபிள்ஸ் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படிப்பித்தவரும் கூட.

1970இல் பறந்த பி68 என்ற இரட்டை இயந்திர விமானம் அவர்களுக்கு உலகப் பெயரைத் தேடிக் கொடுத்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் ஓசூரிலும் இந்த ரகம் தயாரிக்கப்பட்டது.

இனித்தான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம். 1981இல் பார்ட்டனாவியா, அரசுக்குச் சொந்தமான ஏரிட்டாலியா என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போனது. அரசாங்கத்தின் முதல், பெரிய தொழிற்சாலைகள், செல்வாக்கு எல்லாம் பின்னால் இருந்தன. பிறகு அது தனியாரிடம் கைமாறி, 1998இல் வங்குரோத்தானது. முதல் போதாமல் ஒரு தொழில் விழலாம். ஆனால் முதல் மட்டும் இருந்தால் தொழில் நிலைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சகோதரர்கள் என்ன செய்தார்கள்? கிடைத்ததை வங்கியில் போட்டுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. 1986இல் டெக்னாம் என்ற புதிய கம்பனியைத் தொடங்கினார்கள். லுயிஜிக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. உடனே சொந்த விமானம் செய்து காட்டுகிறோம் என்றும் கிளம்பவில்லை. பெரிய கம்பனிகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். ஏடிஆர் விமானங்களின் வால்பகுதி அவற்றில் ஒன்று. அந்த ஏடிஆர், ஏரிட்டாலியாவும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் கூட்டாகச் செய்தது. தமது பழைய கம்பனியை எடுத்தவர்கள் பங்காளியாக இருந்த விமானத்துக்கே கைவேலை செய்திருக்கிறார்கள். நேற்று முதலாளியாக இருந்தவன் இன்று இன்னொருவரின் ஓடரை எடுப்பதை நாம் இழிவாகப் பார்க்கிறோம். அந்த வேலைதான் தொழிலாளரையும் யந்திரங்களையும் காப்பாற்றி வைத்தது.

1993இல் பி92 என்ற இரண்டு பேர் போகும் இலகு விமானம் பறந்தது. இயந்திரத்தைத் தாமே செய்ய முயலவில்லை. ஒஸ்ட்ரியாவின் ரொட்டக்ஸ் இயந்திரத்தை வாங்கிப் பொருத்தினார்கள். தமக்குக் கைவந்த உடல் அமைப்பிலும் சிறகிலும் கவனம் வைத்தார்கள். இந்த ரகம் ஆயிரக்கணக்கில் விற்றது. 2007இல் அதே ரொட்டக்ஸ் இயந்திரங்கள் இரண்டைப் பொருத்தி நான்கு பேருக்கான பி2006டி வந்தது.

அடுத்தது வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டுச் செய்த விமானம். அமெரிக்காவின் கேப் எயார் நிறுவனம் செஸ்னா 402 விமானங்களை வைத்துச் சேவை நடத்தி வந்தது. அந்த ரகத்தின் உற்பத்தி 1985இலேயே நின்றுவிட்டது. பழைய விமானங்களுக்குப் பதிலாக ஒன்பது பயணிகளை ஏற்றும் புதியதொன்றைப் பெரிய உற்பத்தியாளர்கள் கொடுக்கவில்லை. டெக்னாம் கேப் எயாருடன் உட்கார்ந்து பேசி பி2012 விமானத்தை வடிவமைத்தது. 2016இல் அது முதலில் பறந்தது, 2019இல் கேப் எயாருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய கடைக்காரன் "இந்தச் சாமான் இனி வராது" என்று சொல்லும் இடத்தில்தான் சிறியவனுக்கு வழி இருக்கிறது.

இன்னொரு பாடம், நிறுத்தத் தெரிவது. 2021இல் ரோல்ஸ்-ரொய்ஸுடனும் நோர்வேயின் விடரோவுடனும் சேர்ந்து மின்சார விமானமொன்றை அறிவித்தார்கள். 2026இல் சேவைக்கு வரும் என்பது திட்டம். 2023இல் கணக்குப் பார்த்தபோது, சில நூறு பறப்புகளிலேயே பற்றரித் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தது. வாங்குபவருக்குக் கட்டாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, திட்டத்தை ஒதுக்கி வைத்தார்கள். பத்திரிகையில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக நட்டத்தைத் தொடரவில்லை.

லுயிஜி 2017இல் 93 வயதில் காலமானார். கபுவா நகரத் தொழிற்சாலையின் பொறுப்பு அடுத்த தலைமுறையின் கைக்குப் போனது.

குடும்பக் கம்பனி என்றால் எல்லாம் நன்மை என்று நான் சொல்ல வரவில்லை. வெளிமுதல் இல்லாத தொழில் மெதுவாகத்தான் வளரும். தொழில் தெரியாத மகனை மேசையில் இருத்தினால் பத்து வருடத்தில் கடை முடிந்துவிடும். பங்காளி சேர்ப்பதும் தவறல்ல. ஆனால் பாதிக்கு மேல் பங்கைக் கொடுக்கிறவர், தீர்மானம் எடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். அதை விலைபேசும்போதே யோசிக்க வேண்டும், கையெழுத்திட்ட பிறகு அல்ல.

பஸ்கலே சகோதரர்கள் கம்பனியை இழந்தும் மீண்டும் எழுந்ததற்குக் காரணம், வேலை அவர்கள் கையில் இருந்தது. நமது கடைகளில் சாமான் எங்கே வாங்குவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்ற கணக்கெல்லாம் மூத்தவரின் தலையில் மட்டுமே இருக்கிறது. அவர் ஒரு மாதம் படுத்தால் கடை திண்டாடுகிறது. பிள்ளைகளுக்குக் கடையை எழுதி வைப்பதற்கு முன்பு, அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.